நிழல் இறங்கும் இடம்

முதல் நாள் திரையை ஓட்டியபோது ஒருவன்கூட விலகவில்லை. விலகாவிட்டாலும் பரவாயில்லை, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

இரும்பு யார்டின் கடைசித் தூணில் பெரிய எல்.இ.டி. திரை. அதில் இடப்பக்கத்திலிருந்து 'விலகு' என்ற எழுத்துகள் வழுக்கிக்கொண்டு வந்தன. வரும்போதே சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, எழுத்தைச் சுற்றி ஓர் ஒளி வீங்கி அடங்கியது. பின்னால் ஒரு நட்சத்திரம் பளிச்சிட்டது. தலைக்கு மேலே கிரேன் கொக்கியில் கம்பிக் கட்டு தொங்க, அதற்கு நேர் கீழே சுமைக்காரர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"தங்கச்சி, ஹீரோயின் எப்ப வருவா?" என்று கத்தினான், வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய சுமைக்காரன்.

"டேய், மேல கட்டு தொங்குதுடா! நகருங்கடா!" மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார்.

"இரு மேஸ்திரி, அடுத்தது பாட்டு மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மேலே கூண்டில் இருந்த சின்ன ஆப்பரேட்டர் கட்டை இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். அந்த மணி காலையிலிருந்து மாலை வரை அடிக்கிற மணி. அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

போஸ்டர்க்காரி நின்ற இடத்திலேயே வெந்துபோனாள்.

யார்டில் எல்லோருக்கும் அவள் போஸ்டர்க்காரிதான். பெரிய ரோட்டில் இருக்கும் போஸ்டர் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். கடைத்திறப்பு, பிறந்தநாள், காணாமல் போன நாய் என்று எது வந்தாலும் எழுத்துக்கு ஓரம் போட்டு, நிழல் போட்டு, பளபளப்பாக்கித் தருவாள். கல்யாணத்துக்கு முன்பு கட்டட வேலையில் ஜல்லிக் கூடை சுமந்தவள். உச்சந்தலையில் அந்த இடத்தில் இன்றைக்கும் முடி மெலிசுதான். மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்ட முதல் வாரம் விரல் வலித்தது என்று வீட்டில் சொன்னபோது, கூடை தூக்கியபோது வலிக்கவில்லையா என்று அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

திரையில் ஓடும் எழுத்துக்கு அவள் பயன்படுத்துவது போட்டோஷாப்பில் ட்வீன் என்ற வசதி. தொடக்கத்துக்கு ஒரு சட்டம், அதாவது ஒரு ஃப்ரேம், முடிவுக்கு ஒரு சட்டம் வரைந்து கொடுத்தால் போதும். இங்கேயிருந்து அங்கே போகிற வழியை அதுவே நிரப்பிக்கொள்ளும். எழுத்து இருக்கும் இடம், எழுத்தின் அழுத்தம், அதற்குப் போட்ட ஒளி, நிழல் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் படிகளாக மாற்றிக்கொண்டே போகும். கடை விளம்பரங்களுக்கு அவள் செய்த அசைவுகளைப் பார்த்துவிட்டுத்தான் யார்டு மானேஜர் இந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார் மானேஜர், கையில் இருந்த டீ கிளாஸை உருட்டிக்கொண்டு. "ஆனா வேலைக்கு ஆகலையேம்மா. சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லேன்னா நம்ம கம்பெனி விளம்பரத்தை ஓட விட்டுடலாம். இரும்பு வாங்க வர்றவங்களாவது பாப்பாங்க."

அவள் தலையாட்டினாள். அவள் பார்வை மானேஜரிடம் இல்லை. தூணுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஆளிடம் இருந்தது. அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அவர் அவள் புருஷன். இந்த யார்டின் பெரிய ஆப்பரேட்டர். கிரேனை அவர் ஓட்டினால் கொக்கியில் தொங்குவது இரும்பு என்றே தோன்றாது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துப் பாயில் போடுவது போல இருக்கும். அப்படிப்பட்டவர் இறக்கிய தகட்டுக் கட்டு ஒரு நாள் ரேடியோவின் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்தது. மணி அடித்தார். கத்தினார். கீழே முதுகைக் காட்டி நின்றவன் நகரவே இல்லை. ரேடியோ ஆஸ்பத்திரியிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்து பழையபடி வாய் ஓயாமல் பேச ஆரம்பித்துவிட்டான். பேச்சை நிறுத்தியவர் ஆப்பரேட்டர்தான். கூண்டு ஏணியில் முதல் படிக்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. இறங்கிவந்து சங்கிலி துடைக்க உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான்.

"கீழ நிக்கிறவன் தானா நகர்ற மாதிரி ஒண்ணு வரட்டும். அதுக்கப்புறம் ஏறுறேன்." மானேஜரிடம் அவர் சொன்னது அவ்வளவுதான். அதனால்தான் திரை வந்தது. திரை விளம்பரத்துக்குப் போனால் ஆப்பரேட்டர் ஆயுசுக்கும் சங்கிலிதான் துடைப்பார். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த மனுஷன் வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைப்பதற்குக்கூட இரண்டு தடவை கீழே பார்க்க ஆரம்பித்திருந்தார். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சுமைக்காரர்கள் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து யார்டுக்கு வந்தாள். ரேடியோ ஒரு கம்பிக் கட்டின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். விளையாட்டுக்குப் பேசாம சொல்லணும்."

"நான் விளையாட்டுக்குப் பேசாம இருந்த ஒரே நாளு ஊசி போட்ட அன்னைக்கு. கேளு தங்கச்சி."

"அன்னைக்கு மணி அடிச்சது. அவரு கத்துனாரு. நீங்க ஏன் நகரலை?"

ரேடியோ டீயை ஒரு வாய் உறிஞ்சினான். யோசிக்கிற ரேடியோவை யார்டு முதன்முதலாகப் பார்த்தது.

"மணியெல்லாம் யாரு கேக்குறா? மேல யாரு பாக்குறா? தோள்ல பாரம் இருக்கும்போது கழுத்தைத் தூக்க முடியுமா? நீயும் கூடை சுமந்தவதானே."

"அப்ப இத்தனை வருஷமா எப்படி நகந்தீங்க?"

"நிழலு வரும்ல."

"என்னது?"

"கட்டு இறங்குனா காலடியில நிழல் வரும். முதல்ல வெளிறிப் போயி பெருசா வரும். இறங்க இறங்கக் கறுக்கும், சுருங்கும். அதைப் பாத்தா காலு தானா பின்னால போயிரும். அன்னைக்கு நிழலே வரலை. உன் புருஷன் என்ன பண்ணுவாரு பாவம்?"

அவள் மேலே பார்த்தாள். புதுத் தகரக் கூரை. சுமைக்காரர்கள் வெயிலில் காய்கிறார்கள் என்று நிர்வாகம் நல்ல மனசோடு போட்ட கூரை. அது வந்து நான்கு பக்கமும் மூடிய பிறகு யார்டுக்குள் எல்லா நேரமும் ஒரே மங்கல். வெயில் போயிற்று என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதோடு சேர்ந்து நிழலும் போனதை யாரும் கவனிக்கவில்லை.

"அண்ணே, நீங்க ரேடியோ இல்லை. டி.வி." என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"காசு கூடக் கிடைக்குமா?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

அன்று மதியம் புருஷன் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்து கொடுக்கக் கடைக்கு வந்தபோது அவரைப் போகவிடவில்லை. ஜன்னல் வெயில் மேசையில் சதுரமாக விழுந்திருந்தது. செல்லோ டேப் உருளையை அந்த வெயிலில் நிற்க வைத்தாள். தூக்கின் மூடியை அவர் கையில் கொடுத்தாள்.

"இது கட்டு. அது ரேடியோ அண்ணே. நீங்க எப்படி இறக்குவீங்களோ அப்படி இறக்குங்க."

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"இதுதாங்க என் வேலை."

அவர் மூடியை உயரப் பிடித்தார். டேப் உருளையின் மேல் பெரிதாக, ஓரம் கலங்கிய நிழல் விழுந்தது. மூடி இறங்கியது. முதலில் சரசரவென்று. பிறகு ஆள் உயரம் என்று அவர் மனசு சொன்ன இடத்தில் கை இழுத்துப் பிடித்தது. அதற்குக் கீழே மிக மெல்ல, நத்தை மாதிரி. நிழலின் ஓரம் கூர்மையானது, நடுப்பகுதி கறுத்தது. டேப் உருளைக்கு ஒரு விரல் மேலே மூடி நின்றுவிட்டது.

"அதுக்கு மேல முடியலை" என்றார்.

"போதும். எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. சாப்பிட்டீங்களா?"

அவர் மூடியைத் தூக்கின் மேல் வைத்து அழுத்தினார். ஆனால் கிளம்பவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் பழைய நட்சத்திரம், ஒளி எல்லாவற்றையும் அழித்தாள். பின்புலத்தை வெறும் வெள்ளையாக்கினாள். ஒரு பெரிய செவ்வகம் வரைந்து அதற்கு நிழல் போட்டாள். செவ்வகத்தின் உள்நிறத்தைப் பூஜ்யமாக்கினாள். வடிவம் தன் நிழலைத் தானே மறைக்காதபடி ஒரு டிக் குறியை எடுத்துவிட்டாள். இப்போது திரையில் பொருள் இல்லை, நிழல் மட்டும் இருந்தது. முதல் சட்டத்தில் நிழல் தள்ளி, பரந்து, புகை மாதிரி. கடைசிச் சட்டத்தில் நெருங்கி, கறுத்து, திரையையே விழுங்கி. அந்த இருட்டுக்குள் 'விலகு' என்ற எழுத்து வெள்ளையாகத் தெளிந்து வரும்.

ட்வீனை ஓட விட்டாள். நிழல் ஒரே சீராக வந்தது, எஸ்கலேட்டர் மாதிரி.

"இது இரும்பில்லை" என்றார் அவர். "இரும்பு இப்படி வராது."

"தெரியும். அது கணக்குப் போட்டுச் சமமாப் பிரிச்சுடும். அதுக்கு எடை தெரியாது."

நடுவில் ஒரு சட்டத்தைச் செருகினாள். முதல் பாதிக்குப் படிகளைக் குறைத்தாள், இரண்டாம் பாதிக்குக் கூட்டினாள். மறுபடி ஓட்டினாள். நிழல் சரசரவென்று பாய்ந்து வந்தது. பிறகு யாரோ பிரேக் பிடித்தது போலத் தயங்கி, மெல்ல, மெல்லக் கறுத்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் கால்கள் தாமாக நாற்காலிக்கு அடியில் போயின. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

சனிக்கிழமை காலையில் எலெக்ட்ரீஷியன் திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினார். வெள்ளை வெளிச்சம் இறக்குமிடத்துத் தரை முழுக்கப் பரவியது. ஆப்பரேட்டர் இறக்கும் லீவரைத் தொட்டால் படம் ஓடும், கொக்கியை ஏற்றினால் பழைய வெள்ளைக்கு வரும் என்று ஒயர் இழுத்திருந்தார்.

"திரையை யாரும் பாக்கவேண்டாம்" என்று சுமைக்காரர்களிடம் சொன்னாள். "உங்க வேலையைப் பாருங்க."

"பாக்கக்கூடாத படமா? டிக்கெட் எவ்வளவு?" என்றான் ரேடியோ.

சின்ன ஆப்பரேட்டர் மேலே ஏறினான். கட்டு நகர்ந்து வந்து தலைக்கு மேல் நின்றது. இறங்கத் தொடங்கியது. வெள்ளைத் தரையில் ஓர் ஓரத்திலிருந்து மங்கல் பரவியது. முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்த மேஸ்திரியின் கால் பின்னால் போனது. அடுத்தவன் கால் போனது. பேசிக்கொண்டே இருந்த ரேடியோ, பேச்சை நிறுத்தாமலே நொண்டி நொண்டி நாலு எட்டு பின்வாங்கினான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அவள் நெஞ்சு குதித்தது. குதித்த அதே நொடியில் தரை மறுபடி வெளுத்தது.

கட்டு அந்தரத்தில்தான் தொங்கியது. ஆனால் படம் முடிந்து, கடைசிச் சட்டத்திலிருந்து முதல் சட்டத்துக்கு ட்வீன் பொறுப்பாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. எழுத்து மங்கியது. நிழல் வெளிறி விலகியது. இந்த யார்டில் நிழல் விலகினால் தலைக்கு மேலே ஆபத்து இல்லை, உள்ளே வா என்று அர்த்தம். பின்னால் போன கால்கள் அத்தனையும் முன்னால் வந்தன.

"நில்லு! எவனும் வராத!"

கத்தியது பெரிய ஆப்பரேட்டர். சங்கிலியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து ரேடியோவின் சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தார். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். கட்டு அங்கேயே நின்றது. சின்ன ஆப்பரேட்டர் பிரேக்கைப் பிடித்திருந்தான். பிறகு தடுமாறிக்கொண்டே கட்டை ஓரமாக இறக்கிவிட்டு, ஏணியில் வழுக்காத குறையாக இறங்கி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னால ஆகாது சார். இது ஏறுதா இறங்குதான்னு எனக்கே குழம்புது."

மானேஜர் நெற்றியைத் தேய்த்தார். "போதும்மா. நீ முயற்சி பண்ணினே, நான் இல்லைன்னு சொல்லலை. திரையை விளம்பரத்துக்கு மாத்திடலாம்."

"சார், அவங்க முதல்ல விலகுனாங்களா இல்லையா?"

"விலகுனாங்க. திரும்ப வந்தாங்களே!"

"வந்தது என் தப்பு. விளம்பரப் படம் சுத்திச் சுத்தி ஓடணும், அந்தப் பழக்கத்துல இதையும் சுத்த விட்டுட்டேன். சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள சரி பண்ணித் தர்றேன்."

"இன்னொரு தடவை யாரு மேல ஏறுவா?"

லேப்டாப்பை ஒரு தகட்டுக் கட்டின் மேல் வைத்துத் திறந்தாள். திரும்பிப் போகிற சட்டங்கள் அத்தனையையும் வரிசையாகத் தேர்ந்து அழித்தாள். சுற்றி ஓடாமல் ஒரே தடவை ஓடி நிற்கும்படி மாற்றினாள். கறுத்த நிழலும் வெள்ளை எழுத்தும் கடைசியில் அப்படியே நின்றன. கொக்கி உண்மையிலேயே ஏறும்வரை இனி அவை நகராது. வேலை என்று பார்த்தால் ரொம்பச் சின்ன வேலை. கை மட்டும் ஜல்லிக் கூடை இறக்கியது போல் வலித்தது.

தலையைத் தூக்கியபோது புருஷன் இல்லை. எண்ணெய்த் துணி மட்டும் தூணருகே கிடந்தது.

"தேடாத தங்கச்சி" என்றான் ரேடியோ, முழங்கையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிக்கொண்டே. "மேல பாரு."

அவர் ஏணியின் பாதியில் இருந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு விட்டு, அடுத்த படி. யாரும் கை தட்டவில்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இறங்கிவிடுவாரோ என்று பயந்தவர்கள் போல ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். மேஸ்திரி கட்டியிருந்த சங்கிலியையே அவிழ்த்து மறுபடி கட்டினார். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கூண்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் வேலையைப் பாருங்கடா" என்றார் மேஸ்திரி.

கொக்கி நகர்ந்தது. குலுங்கவில்லை. கட்டு தூங்குவது போல மிதந்து வந்து தலைக்கு மேல் நின்றது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. ஏறினவருக்கு லீவரைத் தொட மனசு வரவில்லையோ என்று அவள் கூண்டையே பார்த்தாள்.

பிறகு தரை மங்கியது.

நிழல் பாய்ந்து வந்தது. கால்கள் பின்னால் போயின. மேஸ்திரி, அவருக்கு அடுத்தவன், ரேடியோ, கடைசியில் நின்ற தடியன், எல்லோரும் முதுகைக் காட்டியபடியே, கையில் இருந்ததை விடாமல், வரிசையாக. எல்லைக் கோட்டுக்கு வெளியே பத்திரமாக நின்றிருந்த மானேஜரும் துள்ளிப் பின்னால் போனார். கிளாஸ் டீ முழுவதும் சட்டையில் கொட்டியது. நிழல் தயங்கியது. மெல்லக் கறுத்தது. மேலே கட்டும் அதே இடத்தில் தயங்கி, அதே மெதுவில் இறங்கியது. மேசை மேல் மூடி நின்ற உயரம் வந்தது. அங்கே நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே வந்தது. இருட்டுக்குள் எழுத்து தெளிந்து, வெள்ளையாக நின்றது. யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்கிற தூரத்திலேயே யாரும் இல்லை.

இரும்பு தரையைத் தொட்டது. சத்தமே இல்லை.

நிழல் போகவில்லை. ஒருவனும் அசையவில்லை. கீழே எல்லோரும் பின்வாங்கி நிற்பதைக் கூண்டிலிருந்து பார்த்த பிறகு ஆப்பரேட்டர் மேஸ்திரிக்காக ஒரு தடவை சின்னதாக மணி அடித்தார். மேஸ்திரி ஒருவர் மட்டும் உள்ளே போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். கொக்கி ஏறியது. தரை பளிச்சென்று வெளுத்தது. அப்போதுதான் ஆட்கள் உள்ளே வந்தார்கள், தண்ணீர் திறந்துவிட்டது போல.

அதற்குப் பிறகு வந்த கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. ஒருவன் கம்பியால் தூணைத் தட்டினான். இன்னொருவன் தகட்டைத் தட்டினான். தடியன் போஸ்டர்க்காரியின் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுற்ற, அவள் "ஐயோ கீழ வைங்க, கடையோடது!" என்று பின்னாலேயே ஓடினாள்.

"சார், சட்டையில டீ" என்றான் ரேடியோ.

மானேஜர் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார். "நான் எதுக்குய்யா நகந்தேன்? கோட்டுக்கு வெளியிலதானே நின்னேன்!"

"காலைக் கேளுங்க சார். அதுக்குத்தான் தெரியும்." பிறகு மேலே பார்த்து வாயில் கை குவித்துக் கத்தினான். "மச்சான்! என் இன்னொரு காலும் பத்திரம்! இறங்கி வந்து எண்ணிப் பாரு!"

கூண்டு ஜன்னலில் ஆப்பரேட்டரின் முகம் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகம் கீழே பயமில்லாமல் பார்த்தது.

"இறங்கல்லாம் நேரமில்லை" என்று அங்கிருந்தே கத்தினார். "லாரி நிக்குது. அடுத்த கட்டைக் கட்டுங்கடா, சோம்பேறிங்களா!"

போஸ்டர்க்காரி லேப்டாப்பைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மானேஜர் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"விளம்பரத்தை வாசல்ல ஒரு சின்ன போர்டுல வச்சுக்கலாம். அடுத்த பக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு திரை வேணும். பண்ணித் தருவியாம்மா?"

"தர்றேன் சார். ஆனா அந்தப் பக்கம் ஓட்டுறது சின்னவரு. அவரு பிரேக் போடுற உயரம் வேற. முதல்ல அவருகிட்ட ஒரு தூக்கு மூடியைக் குடுத்துப் பாக்கணும்."

மானேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. தரை மறுபடி மங்கத் தொடங்கியது. இருவரும் பேச்சை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.